எக்ஸோர்கிஸோ: விரட்டுவதா, சத்தியம் வாங்குவதா?

ஜூன் 3

வாசகர் ஒருவரின் கேள்வி: "எக்ஸார்சிசம் என்ற சொல்லில் 'எக்ஸ்' என்றால் வெளியே. அப்படியானால் பேயை வெளியே விரட்டுவது என்பதுதானே அதன் நேர்ப்பொருள்? அகராதியில் 'ஆணையிடுதல்' என்று போட்டிருக்கிறது. எது சரி?"

ஜூன் 3, இரவு

அகராதி சொல்வதுதான் சரி. கிரேக்கத்தில் ஹோர்கோஸ் என்றால் சத்தியம். அதிலிருந்து பிறந்த வினைகள்தான் ஹோர்கிஸோ, எக்ஸோர்கிஸோ. விரட்டுவது என்ற பொருள் அந்த வேரில் எங்குமே இல்லை. பேய் விரட்டுவதற்கு நற்செய்தி நூல்களில் வருகிற சொல் வேறு: எக்பல்லோ, வெளியே எறிவது.

மத்தேயு 26:63-ஐ எடுத்துப் பாருங்கள். விசாரணையில் இயேசு வாய் திறக்காமல் நிற்கிறார். பிரதான ஆசாரியன் "ஜீவனுள்ள தேவன்பேரில் உன்னை ஆணையிட்டுக் கேட்கிறேன்" என்கிறான். மூலத்தில் அது எக்ஸோர்கிஸோ. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த வினை வருவது இந்த ஒரே இடத்தில்தான். அங்கே பேயும் இல்லை, ஓட்டுவதும் இல்லை. மௌனமாக நிற்கும் ஒருவரைக் கடவுள் பெயரால் பேச வைக்கிறார்கள். அதுவரை பேசாதவர் அந்த இடத்தில் பேசுகிறார்.

'எக்ஸ்' வெறும் அழுத்தத்துக்காக வருவது. அதற்குத் தனிப் பொருள் தேட வேண்டாம்.

ஜூன் 4, காலை

இயேசு ஏன் அந்த இடத்தில் மட்டும் பதில் சொன்னார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். லேவியராகமம் 5:1 உதவும். ஆணையிட்டுக் கேட்கும் குரலைக் கேட்டும், தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் சாட்சி தன் குற்றத்தைச் சுமப்பான் என்பது அங்கே சட்டம். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த ஆணை 'ஹோர்கிஸ்மோஸ்'. அதே குடும்பத்துச் சொல். ஆக, ஆணை விழுந்த பிறகு மௌனம் காப்பதே ஒரு தவறு. நம் வாய் திறக்காமலே அடுத்தவர் நம்மைச் சத்தியத்துக்குள் இழுத்துவிட முடியும். இந்தச் சொல்லில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்.

ஜூன் 4, இரவு

காலையில் அதை எழுதிவிட்டு நாள் முழுக்க அம்மாவின் நினைப்பாகவே இருந்தது.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் ஊரில் ஒரு பையன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். அன்று சாயங்காலம் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, என் வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கிணத்துல இறங்க மாட்டேன்னு என் தலை மேல சத்தியம் பண்ணு." ஈரம் போகாத முடி, உள்ளங்கையில் அந்த வகிடு, சீயக்காய் வாசனை. நான் சொன்னேனா, அவள் சொன்னதற்குத் தலையாட்டினேனா என்று இப்போது நினைவில்லை. கையைத் தூக்க முடியாமல் நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சத்தியம் செய்வது ஒன்று, சத்தியம் வாங்குவது இன்னொன்று. தமிழில் இந்த இரண்டையும் சட்டென்று பிரித்துச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் சத்தியம் செய்வது ஓம்னுமி. சத்தியம் வாங்குவதுதான் எக்ஸோர்கோஓ, பிற்காலத்தில் எக்ஸோர்கிஸோ. அன்று அம்மா செய்ததை ஏதென்ஸ்காரர் ஒருவர் பார்த்திருந்தால் இந்தச் சொல்லைத்தான் சொல்லியிருப்பார்.

ஜூன் 5

முதல் குறிப்பில் 'எக்ஸ்' பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். வெறும் அழுத்தம் என்றது அவசரம். சத்தியத்தை ஒருவரிடமிருந்து வெளியே எடுத்து, கையோடு வாங்கிக்கொள்வது என்ற நினைப்பு அந்த முன்னொட்டில் இருக்கத்தான் செய்கிறது என்று இப்போது தோன்றுகிறது. வெளியே வருவது பேய் இல்லை, வாக்கு. கேட்டவர் 'வெளியே' என்று பிடித்தது முழுக்கத் தப்பில்லை. எது வெளியே வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பழைய கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸில் இதற்கு நல்ல கதை ஒன்று இருக்கிறது. கிரீட் தீவில் ஓவாக்ஸஸ் என்ற ஊரின் அரசன் எட்டேயார்கஸ். அவன் மகள் ஃப்ரோனிமே. மாற்றாந்தாய் அவள்மேல் பழி போட, அப்பன் அதை நம்பிவிடுகிறான். தேரா தீவிலிருந்து வந்திருந்த வணிகன் தெமிசோனை விருந்தாளியாக அழைத்து, "நான் கேட்பதைச் செய்வாய்" என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். பிறகு மகளை ஒப்படைத்து, கடலில் இறக்கிவிடச் சொல்கிறான்.

தெமிசோனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அரசனோடு இருந்த விருந்துறவை அங்கேயே முறித்துக்கொள்கிறான். ஆனால் கொடுத்த சத்தியம் இருக்கிறதே! நடுக்கடலில் அந்தப் பெண்ணைக் கயிற்றால் கட்டி, தண்ணீரில் இறக்குகிறான். நனைந்ததும் மேலே இழுத்துக்கொண்டு, உயிரோடு தேராவுக்குக் கூட்டிப் போகிறான். அரசன் போட்ட கட்டுக்கு ஹெரோடோட்டஸ் அங்கே சொல்லும் பெயர் 'எக்ஸோர்கோசிஸ்'. சத்தியத்திலிருந்து விடுபடத்தான் அவன் அவளைக் கயிற்றில் கட்டுகிறான்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைதான் பட்டஸ், வட ஆப்பிரிக்காவில் கிரீனி நகரை நிறுவியவன்.

ஜூன் 5, இரவு

கிரீனி என்றதும் அங்கே கிடைத்த கல்வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. வெட்டப்பட்டது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில். முதல் குடியேறிகள் கிளம்பும்போது தேரா மக்கள் செய்த சத்தியத்தை அது சொல்கிறது. மெழுகில் உருவங்கள் செய்து நெருப்பில் போட்டார்கள். ஆண், பெண், சிறுவர், சிறுமியர் எல்லோரும் கூடி நின்று, "இந்தச் சத்தியத்தை மீறுகிறவன் இந்த உருவங்களைப்போல உருகி ஓடட்டும், அவனும், அவன் சந்ததியும், அவன் சொத்தும்" என்று சொன்னார்கள். மெழுகு உருகி வழிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்லும் சொல்.

ஜூன் 7

"ஹோர்கோஸ் என்றால் வேலி என்று படித்தேனே?" என்று ஒரு கேள்வி.

ஹெர்கோஸ் என்றால் வேலி, சுற்றுச்சுவர். ஹோர்கோஸ் அதன் உடன்பிறப்பு, மனிதனை அடைத்து நிறுத்தும் வேலிதான் சத்தியம் என்பது பழைய விளக்கம். பெரிய கிரேக்க அகராதிகளிலும் இடம்பிடித்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஹோமரின் காவியங்களில் அடிக்கடி வரும் ஒரு தொடரைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் அழகு. யாராவது பேசக்கூடாததைப் பேசிவிட்டால், "என்ன வார்த்தை உன் பல்வேலியைத் தாண்டி வந்துவிட்டது!" என்பார்கள். அந்த வேலி ஹெர்கோஸ்தான். வார்த்தை தாண்டும் வேலி ஒன்று, அந்த வார்த்தையே வேலியாகி ஆளைச் சுற்றிக்கொள்வது இன்னொன்று. பல வருடம் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜூன் 8

நேற்றையதற்கு மறுபக்கம். பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்து இந்த வேலி விளக்கத்தை ஏற்கவில்லை. அவர் சுட்டிக்காட்டுவது இது: பழைய கிரேக்கத்தில் ஹோர்கோஸ் என்பது ஒரு பொருள், தொட்டுச் சத்தியம் செய்யும் பொருள். தேவர்களுக்குப் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றின் நீரே 'பெரிய ஹோர்கோஸ்'. ஸ்டிக்ஸை 'வைத்து' சத்தியம் என்று பழைய கிரேக்கக் கவி ஹெசியோட் சொல்லவில்லை. ஸ்டிக்ஸ்தான் சத்தியம். ஹோமரின் இலியத்தில் கிரேக்க வீரன் அக்கிலஸ் தன் கையில் இருக்கும் செங்கோலைக் காட்டிச் சத்தியம் செய்கிறான்: மலையில் வெட்டிய நாளோடு இதில் இலையும் தளிரும் வருவது நின்றுபோனது, இனி இது துளிர்க்காது. சொல்லி முடித்துத் தரையில் வீசுகிறான். அந்தக் கோலே அவனுடைய ஹோர்கோஸ்.

ஓம்னுமி என்ற வினையின் வேரையும் அவர் சமஸ்கிருத 'அம்' என்பதோடு சேர்க்கிறார். அதன் பொருள் பற்றுதல், பிடித்தல். ஆக, சத்தியம் செய்வது என்பது அந்தப் பொருளைக் கையால் பற்றுவது.

வேலியை விட மனம் வரவில்லை. ஆனால் பென்வெனிஸ்து பக்கம்தான் இப்போது சாய்கிறேன். காரணம் மொழியியலை விட அந்த ஈர முடி. கையில் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் தலைதான் அன்று ஹோர்கோஸ்.

ஜூன் 8, சற்றுப் பின்

பற்றுவது என்றதும் இலியத் 3-ஆம் காண்டத்து ஆட்டுக்குட்டிகள். கிரேக்கர், ட்ராய்க்காரர் இரண்டு படைகளும் சண்டையை நிறுத்திவிட்டு, பாரிஸும் மெனலாஸும் தனியாகப் பொருதி முடிவு காணட்டும் என்று ஒப்பந்தம் செய்கின்றன. அகமெம்னான் வாளுறைக்குப் பக்கத்தில் தொங்கும் கத்தியை எடுத்துக் குட்டிகளின் தலைமுடியை வெட்டுகிறான். கட்டியக்காரர்கள் அந்த முடியை இரு தரப்புத் தலைவர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். பிறகு குட்டிகளின் கழுத்தை அறுக்கிறான். திராட்சை மது தரையில் ஊற்றப்படுகிறது. நிற்கிற ஒவ்வொருவனும், "முதலில் மீறுகிறவர்களின் மூளை இந்த மதுவைப்போல மண்ணில் கொட்டட்டும், அவர்கள் பிள்ளைகளுடையதும்" என்கிறான்.

அதனால்தான் கிரேக்கத்தில் ஒப்பந்தத்தைச் 'செய்வதில்லை', 'வெட்டுகிறார்கள்': ஹோர்கியா தம்னெய்ன். எபிரேயத்திலும் உடன்படிக்கையை வெட்டுவதுதான் வழக்கு.

ஜூன் 9

ஒருவர் கேட்டார்: அந்த ஒப்பந்தம் நிலைத்ததா? இல்லை. அடுத்த காண்டத்திலேயே ட்ராய் தரப்பு வில்லாளி பாண்டரஸ் அம்பு எய்து உடைத்துவிடுகிறான்.

ஜூன் 12

சத்தியத்தை மீறுவதற்கு என்ன சொல் என்று கேட்டிருந்தார்கள். எபியோர்கோஸ், பொய்ச்சத்தியக்காரன். மத்தேயு 5:33-இல் "பொய்யாணையிடாமல்" என்று வருவது இதன் வினை. 'எபி' என்றால் மேலே, கூடுதலாக. பொய் என்ற பொருள் அதில் எப்படி ஏறியது என்பதில் அறிஞர்கள் நிறைய மோதியிருக்கிறார்கள். நிறைவேற்றும் எண்ணமே இல்லாத பேச்சின் மேல் ஒரு சத்தியத்தையும் ஏற்றி வைப்பது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஹெசியோட் ஹோர்கோஸை ஒரு ஆளாகவே ஆக்கிவிடுகிறார். அவன் அம்மா எரிஸ், சண்டைக்குரிய தெய்வம். தெரிந்தே பொய்ச்சத்தியம் செய்பவனை இந்த மண்ணில் அவனைப்போல வதைப்பவர் யாருமில்லை.

இதன் நீட்சி ஹெரோடோட்டஸ் 6:86-இல் வரும் ஸ்பார்டாக்காரன் கிளாக்கஸின் கதை. நேர்மைக்குப் பேர்போனவன். மிலேட்டஸிலிருந்து ஒருவர் தம் சொத்தில் பாதியை வெள்ளியாக மாற்றிக் கொண்டுவந்து அவனிடம் ஒப்படைக்கிறார். அடையாளச் சில்லுகளையும் கொடுத்து, இதன் மறுபாதியைக் காட்டுகிறவரிடம் பணத்தைக் கொடு என்கிறார். பல காலம் கழித்து அவர் பிள்ளைகள் சில்லுகளோடு வருகிறார்கள். கிளாக்கஸ், "எனக்கு நினைவில்லையே, நான்காவது மாதம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டு நேராக டெல்ஃபி கோயிலுக்குக் குறி கேட்கப் போகிறான். "பொய்ச்சத்தியம் செய்து அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா?"

பூசாரிணி சொன்ன பதில் முதுகுத்தண்டில் இறங்கும். சத்தியம் செய், இப்போதைக்கு லாபம்தான், சத்தியம் காத்தவனுக்கும் சாவு உண்டு. ஆனால் ஹோர்கோஸுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. பெயர் இல்லை, கை இல்லை, கால் இல்லை. ஆனாலும் விரைந்து துரத்தி வந்து, பரம்பரையையும் வீட்டையும் முழுசாகப் பிடித்து அழிக்கும்.

கிளாக்கஸ் பயந்து மன்னிப்புக் கேட்கிறான். கடவுளைச் சோதித்துப் பார்ப்பதும் செய்வதும் ஒன்றுதான் என்கிறாள் பூசாரிணி. அவன் ஊர் திரும்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறான். இருந்தும் ஸ்பார்டாவில் இன்று அவன் வம்சம் என்று சொல்ல ஒரு வீடுகூட இல்லை என்று கதை முடிகிறது.

ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "கேட்டதற்கே தண்டனையா, அநியாயம்" என்று ஒருவர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்கிறேன். அம்மாவுக்குச் சத்தியம் கொடுத்த அடுத்த கோடையில் எங்கள் பெரியப்பா மகனிடம் கேட்டேன்: "அண்ணே, கிணத்துல இறங்க மாட்டேன்னுதான் சொன்னேன். படியில உக்காந்து காலை மட்டும் நனைச்சா சத்தியம் உடையுமா?" உடையாது என்றான். காலை நனைத்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே பாசி பிடித்த கல். ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை, எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அன்றிலிருந்து எத்தனையோ நாள், அவளுக்குத் தலை வலிக்கிறது என்றாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

படியில் உட்கார்ந்ததுதான் தவறு என்று அப்போது நினைத்தேன். அண்ணனிடம் போய்க் கேட்டேனே, அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பது கிளாக்கஸ் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

ஜூன் 17

பேய்க்கு வருவோம். மனிதரிடம் சத்தியம் வாங்கிய சொல் ஆவிகளிடம் எப்படிப் போனது?

அப்போஸ்தலர் 19-இல் எபேசு நகரத்து யூத மந்திரவாதிகள் வருகிறார்கள். மூலத்தில் 'எக்ஸோர்கிஸ்டெஸ்'. பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரில் ஆவிகளுக்கு ஆணையிட்டுப் பார்க்கிறார்கள். ஆவி திருப்பிக் கேட்கிறது: "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" உடுப்பிழந்து, காயப்பட்டு ஓடுகிறார்கள். அடுத்தவர் பெயரைக் கடன் வாங்கிச் சத்தியம் வாங்க முடியாது.

மாற்கு 5:7 இன்னும் விசேஷம். அங்கே 'ஹோர்கிஸோ' சொல்வது பேய். "என்னை வேதனைப்படுத்தாதபடிக்குத் தேவன்பேரில் உமக்கு ஆணை" என்று இயேசுவையே கட்டப் பார்க்கிறது. நற்செய்தி நூல்களில் இயேசு பேய்களை நோக்கி இந்த வினையைச் சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. போ என்கிறார், போகிறது.

இலக்கணமும் கவனிக்கத் தக்கது. இந்த இரு இடங்களிலும் ஆணைக்குள் விழுபவரும், யார் பேரில் ஆணையோ அவரும் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறார்கள். 'உம்மை, தேவனை, ஆணையிடுகிறேன்' என்பதுபோல. தமிழில் அப்படி நிற்காது என்பதால் 'பேரில்' வந்து தாங்குகிறது. 'ஆணை' என்ற சொல்லைத் தேர்ந்ததும் அருமை. சத்தியமும் அதுதான், கட்டளையும் அதுதான்.

ஜூன் 18

அதே காலத்துச் சாட்சி ஒன்று: யூத வரலாற்றாளர் ஜோசஃபஸ், ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் முன்னிலையில் எலெயாசர் என்பவர் பேயோட்டியதைப் பற்றி எழுதுகிறார். முத்திரைக்கு அடியில் வேர் வைத்த மோதிரத்தை மூக்கருகே பிடித்து ஆவியை இழுக்கிறார். ஆள் விழுகிறான். பேய் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், இனி இவனிடம் திரும்பக்கூடாது என்று அதற்கு ஆணையிடுகிறார். அங்கேதான் ஹோர்கோஸ் வேரிலிருந்து வந்த வினை வருகிறது. இழுத்தது மோதிரம். கட்டியது சத்தியம். கேள்வி கேட்டவருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

பேய் போனதற்கு அடையாளமாக, சற்றுத் தள்ளி வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

ஜூன் 18, இரவு

மறந்துவிட்டேன். துனீசியாவின் சூஸ் நகரில் கிடைத்த ஈயத்தகடு, 3-ஆம் நூற்றாண்டு. கல்லறையில் கிடக்கும் ஆவியை 'ஹோர்கிஸோ' சொல்லி எழுப்பி அனுப்புகிறார்கள். எதற்கு? ஊர்பானஸ் என்பவனை டொமிதியானாவிடம் காதலோடு கூட்டிவர. ஓட்டுவதற்கு நேர்எதிர்.

ஜூன் 21

"இதெல்லாம் பழங்காலம். திருச்சபையில் அது விரட்டுவதுதானே?" என்று திரும்பவும் கேட்டிருக்கிறார்.

பழைய ரோமச் சடங்கில் தீர்த்தம் மந்திரிக்கும்போது குருவானவர் முதலில் உப்பைப் பார்த்து, "எக்ஸோர்சிஸோ தே, கிரியாதூரா சாலிஸ்" என்பார். உப்பாகிய படைப்பே, ஜீவனுள்ள கடவுளின் பேரில் உனக்கு ஆணை. உப்பை யாரும் விரட்டுவதில்லை. அது அங்கேதான் கிண்ணத்தில் இருக்கிறது.

ரோமத் திருச்சபையில் இது ஒரு பணியாகவே இருந்தது. 251 வாக்கில் போப் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் எக்ஸார்சிஸ்டுகள், வாசகர்கள், வாயில்காப்போர் எல்லோருமாக 52 பேர் என்று கணக்கு வருகிறது. அந்தச் சிறுபட்டத்தை 1972-இல் ஆறாம் பவுல் எடுத்துவிட்டார்.

இன்றைய கிரேக்கத்தில் ஓர்கிஸோமை என்றால் 'சத்தியம் செய்கிறேன்'. அடுத்தவரிடம் சத்தியம் வாங்கும் ஓர்கிஸோ இன்றும் இருக்கிறது. அதே வினையின் இந்த வடிவம் தானே சத்தியம் செய்வதைச் சொல்கிறது.

ஜூன் 30

ஒருவர் கேட்டார், அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்று. நான் நீச்சல் கற்கவே இல்லை. கிணறு மட்டும் என்று சத்தியம், ஆனால் குளம், ஆறு, கடல் எதிலும் கணுக்காலுக்கு மேல் போனதில்லை.

போன மாதம் என் மகளுக்கு நீச்சல் வகுப்பு. அம்மாவும் கூட வந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளோடு பெற்றோரும் இறங்கலாம் என்றார் பயிற்சியாளர். நான் ஓரத்திலேயே நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"கிணத்துக்குத்தானேடா சத்தியம் வாங்குனேன். இது தொட்டிதானே, இறங்கு."

இடுப்பளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் நின்றேன்.